கீழே போட்டேன், அணைந்துவிட்டாள்

1

ஆடி மாதத்தில் யாரும் குடித்தனம் மாற்ற மாட்டார்கள். நாங்கள் மாற்றினோம். வேலையில் சேரச் சொன்ன தேதி அப்படி அமைந்துவிட்டது. "கம்பெனிக்காரனுக்கு ஏது ஆடி, ஆவணி?" என்று என் கணவர் பிரபு சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புகிற வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். இந்த ஆடியோடு நாங்கள் பெங்களூருக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. எங்கள் வீட்டு மிக்ஸி எரிந்துபோனால்கூட, "ஆடியில போனீங்க இல்ல, அப்படித்தான்" என்று ஃபோனில் சொல்ல அவர் இன்னும் மறப்பதில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேலியும் காத்திருக்கும். "இன்னாடி கலை, ஃபாரின்லேர்ந்து எப்போ வந்த?" என்பாள் என் சித்தி. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு ஆரணியில் இருக்கலாம், இதற்குப் பெயர் வெளியூர் வாழ்க்கையா என்பது அவள் கட்சி. இத்தனை வருடம் நான் பதில் சொன்னதில்லை. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடும் உண்டு சித்தி, என்று இப்போது எழுதியே சொல்லிவிடுகிறேன்.

கன்னடத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. கன்னடம் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி, ஒரு வருடம் காய்கறி வாங்கினால் பழகிவிடும். நாங்கள் இருக்கிற ஜோகுபாளையத்தில் தெருவுக்கு நாலு தமிழ் வீடு இருக்கிறது. குழாயடியில் தமிழ், கோயிலில் தமிழ், சண்டையும் தமிழ்தான். என் பயமெல்லாம் இங்கிலீஷ்மேல். அதிலும் பெரிய வார்த்தைகளிடம் எனக்குப் பயமில்லை. பெரிய வார்த்தைகள் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது தெரிந்துவிடும். குட்டி வார்த்தைகள்தான் என்னைக் கொல்கின்றன. அப், ஆஃப், அவுட், டவுன், ஓவர், டு.

நான் பயந்த சுபாவக்காரி. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி. பிரபு எனக்கென்றே ஒரு பழமொழி வைத்திருந்தார்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போன மாதத்துக்குப் பிறகு அவர் அதைச் சொல்வதில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் படித்தது தமிழ் மீடியம். இங்கிலீஷ் சார் எங்களுக்கு வினைச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார். கோ, வென்ட், கான். டேக், டுக், டேக்கன். ஒப்பிக்காதவர்கள் முட்டி போட வேண்டும். நான் ஒரு நாளும் முட்டி போட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பெங்களூருக்கே வந்தேன். கொடு என்றால் கிவ் என்று தெரியும். கிவ் அப் என்றால் மேலே கொடுப்பதில்லை, கைவிடுவது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வினைச்சொல்லுக்கு இப்படி ஒரு வால் முளைக்கும், வால் ஆடுகிற பக்கம்தான் மாடு போகும் என்று பாடத்தில் இல்லை.

அடுகோடியில் ஓசூர் ரோடு பக்கம் எனக்கு வேலை. கடைக்காரர்கள் பில் போடுகிற ஒரு மென்பொருளை வெளிநாட்டில் விற்கிற கம்பெனி. அது மக்கர் செய்யும்போது அவர்கள் எழுதுகிற புகார்களுக்குப் பதில் எழுதுவது என் பாடு. சேர்ந்த புதிதில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். விசாரித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு 'கெட் பேக் டு யூ' என்று எழுத வேண்டுமாம். நான் 'கெட் பேக் அட் யூ' என்று எழுதிவிட்டேன். டு போனால் என்ன, அட் வந்தால் என்ன, இரண்டும் ஒன்றுவிட்ட தம்பிகள்தானே என்று நினைத்தேன். அந்த மனிதரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. தான் போலீசுக்குச் சொல்லி வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

என் டீம் லீட் ஷ்ருதி, கோலாருக்காரி, தமிழும் பேசுவாள். என்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கலை, நீ அந்தாளுக்கு என்ன எழுதியிருக்க தெரியுமா?"

"திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு எழுதினேன்."

"திங்கட்கிழமைக்குள்ள உன்னைப் பழிவாங்கியே தீருவேன்னு எழுதியிருக்கம்மா."

ஃப்ளோரே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே வேலை போய்விடுமோ என்ற பயம். வேலை போகவில்லை. ஆனால் அன்றைக்கு ஒன்று மனதில் பதிந்தது. எனக்கே தெரியாமல் என்னால் யாரை வேண்டுமானாலும் மிரட்ட முடியும். அதே மாதிரி, யாராவது என்னிடம் பயங்கரமான ஒன்றைச் சொன்னாலும் எனக்குத் தெரியாமலே போகும்.

ஆதாரில் விலாசம் மாற்றப் போன கதையையும் சொல்ல வேண்டும். வாசலில் இருந்த செக்யூரிட்டி, படிவத்தை ஃபில் அப் பண்ணச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஃபில் இன் என்று இருந்தது. கவுண்டரில் இருந்த அம்மா, ஃபில் அவுட் பண்ணாமல் ஏன் வந்தீர்கள் என்று சீறினார். மேலே, உள்ளே, வெளியே. நான் மூன்று படிவம் வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர், "யம்மா, மூணும் ஒண்ணுதாம்மா, எழுதிக் குடு, க்யூ நவரட்டும்" என்றார். எப்போது மூன்றும் ஒன்று, எப்போது உயிர்போகிற வித்தியாசம் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. க்யூ நகர்ந்துவிட்டது.

3

யாழினிக்கு மூன்றரை வயது. எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள். பகலில் அவளை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ப்ளே ஸ்கூலில் விடுகிறோம். அதை நடத்துகிறவர் நோரீன் மேம். பூர்வீகம் மங்களூர்ப் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில். கல்யாணமாகி இங்கே வந்து தங்கிவிட்டார். அவருக்கு இங்கிலீஷ்தான் தாய்மொழி. கன்னடம் கொஞ்சம் வரும். தமிழ், அவரிடம் வேலை பார்க்கிற செல்வி அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார். செல்வி அக்கா ஜோகுபாளையத்திலேயே பிறந்தவள். தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒரே சொம்பில் ஊற்றின மாதிரி வரும்.

ஒருநாள் மாலை குழந்தையைக் கூட்டிவரப் போனபோது நோரீன் மேம் என்னை நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டார். பொம்மை உடைந்தால் செல்வி 'உடைஞ்சு போச்சு' என்கிறாள். பால் திரிந்தால் 'கெட்டுப் போச்சு' என்கிறாள். குழந்தை தூங்கினாலும் 'தூங்கிப் போச்சு'. உங்கள் மொழியில் எல்லாமே போய்க்கொண்டே இருக்கிறதே, அதெல்லாம் எங்கே போகிறது?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்மிடமும் வால் இருக்கிறது. வா என்பது ஒன்று, வந்துவிடு என்பது வேறு, வந்து தொலை என்பது முற்றிலும் வேறு. சாப்பிட்டுப் பார்த்தான் என்றால் பார்வைக்கு அங்கே வேலையில்லை. நாம் பிறந்ததிலிருந்து ஆட்டுகிற வால் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

என் மாமனார் இறந்து நாங்கள் ஊருக்கு ஓடியபோது நடந்ததைச் செல்வி அக்கா பிறகு சொன்னாள். "யாழி தாத்தா போயிட்டாராம் மேம்னு நான் சொல்றேன். மேம் 'எல்லிகே?'ன்னு கேக்குது. எங்கன்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது? மேல கைய காட்டினேன். மாடிக்கான்னு கேக்குதுமா."

அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்த வாய் பின்னால் என்ன பாடு பட்டது என்று பாருங்கள்.

யாழினிக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வால்கள் அவளுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. "லைட்டை புட் ஆஃப் பண்ணும்மா" என்றேன் ஒருநாள். நிமிர்ந்து பார்த்து, "நோ மா. டர்ன் ஆஃப்" என்றாள். தண்ணீர் கேட்டால் வாட்டர். வலித்தால் அவுச். பிரபு பெருமையாக வீடியோ எடுத்து ஆரணிக்கு அனுப்பினார். என்னால் பெருமைப்பட முடியவில்லை. நான் தட்டுத் தடுமாறி நிற்கிற ஆற்றில் என் பிள்ளை மீன் மாதிரி நீந்திப் போகிறாள், நாளைக்கு நடு ஆற்றிலிருந்து கூப்பிட்டால் எனக்குப் புரியுமா என்று பயந்தேன். பிரபுவிடம் சொன்னேன். பழமொழியைச் சொன்னார்.

4

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் செல்வி அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள். "பாப்பா சாப்ட்டுச்சு, தூங்கிருச்சு, நீ நிம்மதியா வேலையப் பாரு" என்று. எங்கள் ஃப்ளோருக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டு, டீ இடைவேளையில் ஓடிப்போய்க் கேட்பேன். கேட்டால்தான் டீ இறங்கும்.

கோடையில் ஒருநாள் செல்வி அக்கா தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்காக லீவு. அன்றைக்கு நோரீன் மேமே செய்தி அனுப்பியிருந்தார். இங்கிலீஷில் இரண்டே வரி. புட் ஹர் டவுன் அட் ஒன். ஷீ வென்ட் அவுட் லைக் எ லைட்.

எனக்கு இங்கிலீஷ் படித்தால் உள்ளே தமிழில்தான் ஓடும். ஓடியது. ஒரு மணிக்கு அவளைக் கீழே போட்டேன். விளக்கு மாதிரி அணைந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம். மலையேறிவிட்டது என்போம். குளிர வை என்போம். அணைந்தது என்ற சொல்லை ஒரு திரிக்கே சொல்லாத ஜனம் நாங்கள். அதைப் பெற்ற பிள்ளையின் பெயரோடு சேர்த்துப் படித்தேன். லாக்கர் அறையில் நான் போட்ட சத்தத்தில் ஷ்ருதி ஓடிவந்தாளாம். எனக்கு நினைவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

ஆட்டோவில் நோரீன் மேமுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. தூங்குகிற குழந்தைகள் அறையில் அவர் ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார் என்று தோன்றக்கூட இல்லை. விவேக் நகர் தாண்டுவதற்குள் நான் எல்லாத் தெய்வத்துக்கும் மொட்டை வேண்டிக்கொண்டேன். கீழே போட்டதை ஒருத்தி இவ்வளவு அமைதியாக எழுதுவாளா என்று ஒரு மனசு கேட்டது. வெள்ளைக்கார ஊரில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்களோ என்று இன்னொரு மனசு சொன்னது.

யாழினி பாயில் குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து நோரீன் மேம் பயந்துபோனார். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார், உடனே என் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டார். புட் டவுன் என்றால் குழந்தையைத் தூங்கப் போடுவதாம். விளக்கு மாதிரி போனாள் என்றால் படுத்த உடனே தூங்கினாளாம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

பிரபுவுக்கு அது போதாதா? ஆரணி முழுக்கச் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு நான் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தால் ஒவ்வொரு நாளும், "இன்னா, கீழ போட்டாச்சா? அணைஞ்சிட்டாளா?" என்பார்.

"அந்த வார்த்தைய சொல்லாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"அரண்டவன் கண்ணுக்கு..."

"அரண்டவதான். இருந்துட்டுப் போறேன்."

அன்றிலிருந்து ஃபோனில் அகராதியை இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் இந்தக் குட்டி வார்த்தைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பயம் குறையும் என்று நினைத்தேன். ஒரு வாலுக்கு ஏழெட்டு அர்த்தம் போட்டிருந்தது. புட் டவுன் என்றால் நோயாளி நாயை ஊசி போட்டுக் கொல்வது என்றும் இருந்தது. ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

5

இனிமேல்தான் விஷயம்.

இப்போதெல்லாம் ப்ளே ஸ்கூலிலேயே பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். மூன்றரை வயதுக்குக் கறுப்பு அங்கி, நாலு மூலைத் தொப்பி, ரிப்பன் கட்டிய காகிதச் சுருள். அதற்கு ஒரு வாரம் ஒத்திகை வேறு. போன மாதம் அந்த ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. யாழினி வீட்டில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடை பழகினாள். அன்று காலையில் அவள் நெற்றி லேசாகக் கதகதவென்று இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிரபு தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, உன் கைதான் சில்லுன்னு இருக்கு" என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

காலை டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்தால் நோரீன் மேமின் அழைப்புகள், நான் எடுக்காதவை. கீழே ஒரு செய்தி. யாழினி பாஸ்டு அவுட் அட் ரிஹர்சல். ப்ளீஸ் கம் ஓவர்.

திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செல்வி அக்காவும் எடுக்கவில்லை. பிரபுவுக்குச் செய்தியை அனுப்பிவிட்டு அழைத்தேன். அவர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து எடுத்தார். குரலில் சிரிப்பு.

"பார்த்தேன் பார்த்தேன். பாஸ்டு அவுட்டாம்! பட்டம் வாங்கிட்டா உன் பொண்ணு."

"ஏங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. ஃபோன் எடுக்க மாட்டேங்கறாங்க."

"விழா சத்தத்துல எப்படிக் கேக்கும்? கம் ஓவர்னா வந்து கலந்துக்கச் சொல்றாங்க. போறப்ப ஒரு கேக் வாங்கிக்கினு போ. இப்பவும் பேய் பார்க்காத."

பக்கத்து சீட் ரம்யாவும் அதையேதான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் வேலைக்குப் போகிற அத்தனை பேரிடமும் கேட்கிற முதல் கேள்வி அது. எந்த வருஷம் பாஸ்டு அவுட்? என் பயோடேட்டாவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தேறி வெளியே வந்தவள் என்று அர்த்தம்.

அகராதியைத் திறந்தேன். அவசரத்தில் தப்புத் தப்பாக எழுத்து விழுந்தது. படிப்பு முடித்து வெளியேறுவது என்று ஒன்று. ஆளுக்கு ஆள் விநியோகிப்பது என்று ஒன்று. மயங்கி விழுவது என்று ஒன்று.

மூன்று வாசல். ஒன்றில் கேக்கோடு நுழைய வேண்டும். பிரபு சொன்ன வாசலில் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது. ஒத்திகைக்கு அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! போன தடவை அவுட் என்று வந்ததற்குத் தூக்கம்தானே அர்த்தம்? மறுபடி ஓடிப்போய்க் கேலிப்பொருளாக நிற்கவேண்டுமா? இவ்வளவும் யோசித்தேன். அப்போது ஒன்று தோன்றியது. பட்டம் வாங்கியதற்கு பாஸ்டு அவுட் என்பது நம் ஊர் இங்கிலீஷ். நோரீன் மேமின் இங்கிலீஷ் நம் ஊர் இங்கிலீஷ் இல்லை.

ஷ்ருதியிடம் போய் நின்றேன். "கலை, போன தடவை மாதிரி..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, போ. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

6

"பேக ஹோகி அண்ணா, பேக" என்று ஆட்டோக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். சீக்கிரம் என்பதற்கு எனக்குக் கன்னடம்தான் முதலில் வந்தது. அவர் தமிழிலேயே பதில் சொன்னார். "சிக்னல் போட்டிருக்கான் மேடம், நான் இன்னா பண்றது? பறக்கவா முடியும்?"

ஃபோன் என் கையில் டிங் டிங் என்று அடித்தது. நோரீன் மேம் இல்லை. பிரபு அந்தச் செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டிருந்தார். ஆரணியிலிருந்து சித்தி ரோஜாப் பூங்கொத்து அனுப்பியிருந்தாள். 'வாழ்த்துக்கள் யாழி குட்டி.' நாத்தனார் கைதட்டுகிற பொம்மை அனுப்பினாள். மாமியார் குரல் பதிவில், "எங்க அப்பாரு பேர காப்பாத்திட்டா" என்று அழுதார். ஒவ்வொரு டிங்குக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. நிறுத்துங்கள் என்று எழுதக் கை வரவில்லை. என்ன எழுதுவது? எனக்கே எதுவும் தெரியாது.

ட்ரினிட்டி சர்க்கிளில் நின்றபோது செல்வி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது நோரீன் மேம். குரல் மூச்சு வாங்கியது. பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது. எங்கள் குழந்தையா என்று எனக்குத் தெரியவில்லை.

"கலை, ஷீ ஹாஸ் கம் டு."

அவ்வளவுதான். வாக்கியம் முடிந்துவிட்டது. நான் காத்திருந்தேன். டு என்றால் 'க்கு'. அவள் வந்திருக்கிறாள், எதற்கு? எந்த இடத்துக்கு? எந்த ஆஸ்பத்திரிக்கு? ஊர்ப்பெயர் வரவில்லை.

"டு வேர், மேம்?" என்று கத்தினேன். "டு வேர்?"

"நோ, நோ. ஷீ ஹாஸ் கம் ரவுண்ட், டியர்."

ரவுண்ட் என்றதும் நான் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி அந்த சர்க்கிளைச் சுற்றிலும் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் என் பிள்ளையைத் தேடினேன். பயம் மூளையை அந்த அளவுக்குத் தின்றிருந்தது. "வேர் ரவுண்ட்? வேர் இஸ் ஷீ?" என்று அழுதேன். தாத்தா மாடிக்கா போனார் என்று அவர் கேட்டதற்குச் சிரித்தவள் நான்.

பிறகு நோரீன் மேம், ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுக்கிற மாதிரி, தமிழில் சொன்னார்.

"கலை. பாப்பா... போகலே. பாப்பா வந்துட்டா. வந்துட்டா கலை."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். பச்சை விழுந்ததும் அவர் இடதும் வலதும் பார்க்காமல் வண்டியை விரட்டினார்.

ப்ளே ஸ்கூல் இருக்கிற தெருமுனையில் ஒரு குழந்தை டாக்டர் இருக்கிறார். அங்கே வைத்திருந்தார்கள். ஒத்திகையில் நடந்து வந்தவள் அப்படியே விறைத்து விழுந்திருக்கிறாள். கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. நோரீன் மேம் என்னை அழைத்து, செய்தி அடித்து, ஃபோனைப் பள்ளியிலேயே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், செல்வி அக்கா பின்னாலேயே. டாக்டரிடம் வந்து மயக்கம் தெளிந்ததைத்தான் கம் டு, கம் ரவுண்ட் என்று சொன்னாராம். யாழினியின் கறுப்பு அங்கியை இன்னும் கழற்றவில்லை, பாதி கிழிந்து தொங்கியது. செல்வி அக்கா ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் ஏறினப்போ வர்ற ஃபிட்ஸ்மா. இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு வரும்" என்றார் டாக்டர். "முன்னாடி வந்திருக்கா? காலையிலயே காய்ச்சல் இருந்ததா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" ஒவ்வொரு கேள்விக்கும் தாய் வந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் இருந்தேன். கேக் கடையில் இல்லை.

"திரும்ப வருமா டாக்டர்?"

"வராமலும் போகலாம். வந்தாலும் வரலாம். காய்ச்சலைக் கவனமாப் பாருங்க."

யாழினி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. "அம்மா, தண்ணி" என்றாள். வாட்டர் என்று சொல்லவில்லை. அதில் பெரிய அர்த்தம் எதுவும் தேட வேண்டாம், அவளுக்குத் தாகம். ஆனால் நான் அழுதேன்.

பிரபு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூலையில் நின்று குழுவுக்கு ஏதோ எழுத முயன்றுகொண்டிருந்தார். அப்போதும் யாரோ ஒருவர் லட்டுத் தட்டு அனுப்பினார்.

டாக்டர் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார். நான் அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மருந்தின் அசதியில் அப்படியே தூங்கினாள். அவள் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. நான் அதைக் கவனித்துக்கொண்டே நின்றேன். கால் மரத்துப் போனது. நோரீன் மேம் அருகில் வந்து என் முதுகில் கை வைத்தார். கட்டிலைக் காட்டி மெதுவாகச் சொன்னார்.

"புட் ஹர் டவுன், கலை. யூ மஸ்ட் பி டயர்ட்."

இந்தத் தடவை எனக்கு ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. முழுசாகப் புரிந்தது. அன்பாகத்தான் சொல்கிறார், தூங்கப் போடச் சொல்கிறார், வேறெந்த அர்த்தமும் இல்லை.

"இல்ல மேம்" என்றேன். "கீழ போட மாட்டேன்."